குப்பி லாம்பிலிருந்து மீன் தொட்டி லைட் வரை: ஓர் இரவு வெளிச்சத்தின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை தரம் பதினொன்றில் இலத்திரனியல் பாடம். பாடப்புத்தகத்தில் எல்.ஈ.டி.க்கு 'ஒளிகாலும் இருவாயி' என்று பெயர். பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே சிரிப்பு. பின் வாங்கிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: "சேர், இந்த இருவாயிய வெச்சி மீன் தொட்டிக்கு ராவைக்கு எரியிற நீல லைட் ஒண்டு செய்யேலுமா?"

செய்யலாம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சாமான் வாங்கி, அரை மணித்தியாலத்தில் முடிக்கலாம். நானும் ஒருமுறை செய்தேன். ஆனால் அதில் நான் விட்ட பிழையையும் அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. வகுப்பில் நேரம் போதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கொழும்பில் மின்விளக்கு முதலில் எரிந்தது 1895இல், கோட்டையிலிருந்த பிரிஸ்டல் ஹோட்டலின் பில்லியர்ட் அறையில். போஸ்டட் சகோதரர்கள் என்ற கம்பனி அதைச் செய்தது. துரைமார் விளையாடுவதற்கான வெளிச்சம் அது. சாதாரண வீடுகளை மின்சாரம் எட்டப் பல பத்து வருடங்கள் ஆகின. மலைநாட்டு அருவிகளிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டீ. ஜே. விமலசுரேந்திர 1918இல் கட்டுரை சமர்ப்பித்துக் காட்டினார். லக்ஷபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950இல். இடையில் 32 வருடங்கள்.

அந்த வருடங்களிலும் அதற்குப் பின்னும், ஆயிரக்கணக்கான வீடுகளின் இரவு விளக்கு குப்பி லாம்புதான். ஒரு பழைய போத்தல், தகர மூடி, துணித் திரி, உள்ளே மண்ணெண்ணெய். கொட்டாஞ்சேனையில் எங்கள் உம்மும்மாவின் வீட்டில் கரண்ட் வந்த பின்னும் ஒரு குப்பி லாம்பு தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் இருந்தது. 1996இல் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடெங்கும் மணிக்கணக்கில் கரண்ட் வெட்டினார்கள் அல்லவா? அப்போது அந்த லாம்பு மறுபடியும் வேலைக்கு வந்தது. ஆனால் பாய்க்குப் பக்கத்தில் கொண்டுவர உம்மும்மா ஒருநாளும் விட்டதில்லை. அவரது வலது கையில் முழங்கை வரை ஒரு பழைய தீத்தழும்பு இருந்தது.

அப்படிச் சுட்டுக்கொண்டவர்கள் இந்த நாட்டில் நிறையப் பேர். அவர்களுக்குச் சிகிச்சை செய்து மனம் நொந்த சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர், வைத்தியர் விஜய கொடகும்புர. விழுந்தாலும் உருளாத, உடையாத, எண்ணெய் சிந்தாத ஒரு விளக்கைச் செய்தார். குட்டையான தடித்த கண்ணாடி, இரண்டு பக்கமும் தட்டை, திருகி மூடும் உலோக மூடி. அதற்கான யோசனையை அவருக்குக் கொடுத்தது குண்டான மார்மைட் போத்தல். 'சுதீப' என்ற அந்த விளக்குக்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

இரவு வெளிச்சம் என்பது அழகுக்கான பொருளாக இருந்ததில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும். யார் விழித்திருக்கிறார், யாருக்குக் கண் தெரிய வேண்டும், யார் சுட்டுக்கொள்ளக்கூடும் என்ற கணக்கு அது.

இனி மீன் தொட்டிக்கு வருவோம்.

1853இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மக்கள் பார்ப்பதற்காக மீன் காட்சிசாலை திறந்தார்கள். அடுத்த வருடம் பிலிப் கோஸ் எழுதிய நூல் வந்தபோது, வீட்டில் கண்ணாடித் தொட்டி வைப்பது அங்கே ஒரு பெரிய மோகமாகிவிட்டது. அந்தத் தொட்டிகளுக்கு விளக்கு இல்லை. ஜன்னல் வெயில்தான். வெயில் கூடினால் பாசி, குறைந்தால் செடி சாகும். பிறகு தொட்டி மூடிக்குள் குண்டு பல்பு வந்தது. அது எடுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாவதில்லை, மீதி சூடு. கொழும்பு வெக்கையில் அந்தச் சூடும் சேர்ந்தால் தண்ணீர் என்னாகும் என்று நினைத்துப் பாருங்கள். 1938இல் டியூப் லைட் விற்பனைக்கு வந்த பிறகுதான் சூடு குறைந்தது.

எல்.ஈ.டி. கதை வேறு. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.ஈ.டி.யை 1962இல் நிக் ஹொலோனியாக் செய்துவிட்டார். பச்சையும் வந்தது. நீலம் மட்டும் முப்பது வருடம் போக்குக் காட்டியது. ஜப்பானில் அகாசாக்கி, அமானோ இருவரும் நகோயா பல்கலைக்கழகத்தில் அதற்கான பளிங்கை வளர்த்தார்கள். ஷூஜி நக்காமுரா என்பவர் நிச்சியா என்ற சிறிய கம்பனியிலிருந்து 1993இல் பிரகாசமான நீல எல்.ஈ.டி.யை வெளியிட்டார். நீலத்தின் மேல் மஞ்சள் பூச்சுப் பூசினால் வெள்ளை வெளிச்சம். இன்று நம் வீடுகளில் எரியும் வெள்ளை பல்பெல்லாம் இதன் பிள்ளைகள். 2014இல் மூவருக்கும் நோபல் பரிசு. என் மாணவன் சில ரூபாய்க்கு வாங்கப்போகும் பொருளுக்குப் பின்னால் இத்தனை பேரின் ஆயுள் இருக்கிறது.

நீலம் மலிந்ததும் மீன் வளர்ப்போர் அதை 'நிலா வெளிச்சம்' என்று தொட்டியில் வைத்தார்கள். உண்மையில் நிலவொளி நீலம் இல்லை. சூரிய வெளிச்சத்தைத்தான் நிலா திருப்பி அனுப்புகிறது. மங்கலில் நம் கண் சிவப்பை இழந்து நீலப் பக்கம் சாய்வதால் அப்படித் தெரிகிறது. அதைவிட முக்கியம், நிலா ஒவ்வொரு இரவும் முழுதாகக் காய்வதில்லை. பிறை பார்த்து மாதம் எண்ணுகிற நமக்கு அதைச் சொல்லித்தரத் தேவையில்லை. கடலும் அந்தக் கணக்கில்தான் வாழ்கிறது. அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளப்பாறையில், பூரண நிலாவுக்குப் பின் சில இரவுகளுக்குள் பல வகைப் பவளங்கள் ஒன்றாக முட்டையிடுவதை 1980களின் தொடக்கத்தில் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள்.

இனி என் பிழை. 2022 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் வாப்பா ராவைக்கு இரண்டு தரம் எழும்புவார். அப்படி ஓர் இருட்டில் தொட்டி மேசையில் கால் தட்டி விழுந்துவிட்டார். அல்லாஹ்வின் காவல், எலும்பு முறியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பாத்ரூமுக்குப் போகவே பயந்தார்.

நிலைமை சீரானதும் தொட்டிக்குள் நீல எல்.ஈ.டி. பட்டி ஒன்றை ஒட்டி, மஃரிபிலிருந்து ஸுபஹு வரை எரியவிட்டேன். வாப்பாவுக்கு வழி தெரிந்தது. வந்தவர்களும் அழகு என்றார்கள். ஒன்றரை மாதத்தில் கண்ணாடியெல்லாம் பாசி. மீன்கள் செடிக்கடியில் ஒதுங்கின. சிவந்திருந்த ஆண் மீன்கள் வெளிறின. மூன்று செத்தன. வெளிச்சம் மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் நான் மாற்றியது அது ஒன்றைத்தான்.

என் தொட்டியில் இருந்தவை செரி பார்ப். நம் நாட்டுக்கே உரிய மீன். சிங்களத்தில் 'லே தித்தயா'. தெரணியகல 1929இல் விஞ்ஞான உலகுக்கு விவரித்த இனம். அது வாழ்வது ஈரவலயக் காடுகளின் நிழல் ஓடைகளில், உதிர்ந்த இலைகளுக்கு நடுவில். பகலிலேயே நிழல் தேடும் மீனுக்கு நான் ராவெல்லாம் விளக்கு வைத்திருக்கிறேன்! மீனுக்குக் கண் இமை கிடையாது. மூடிக்கொள்ள வழியில்லை. கோமாளி மீனின் முட்டைகளை இரவிலும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த அவுஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2019இல் வந்தது. அவற்றில் ஒரு முட்டைகூடப் பொரிக்கவில்லை. இருட்டில் வைத்தவை பொரித்தன.

செத்த மீனை நான் எடுத்துக்கொண்டிருந்தபோது வாப்பா கேட்டார்: "இது மீனுக்கு வெச்ச லைட்டா, எனக்கு வெச்ச லைட்டா மகன்?"

"ஒங்களுக்குத்தான் வாப்பா."

"அப்ப என்ட கால் போற எடத்துல வை. அதுகளப் படுக்க உடு."

உம்மும்மா லாம்பைப் பாய்க்குப் பக்கத்தில் விடாததும் இதே கணக்குத்தான். வெளிச்சம் தேவையானவருக்குப் போக வேண்டும், பக்கத்தில் இருப்பவரைச் சுடக் கூடாது. பட்டியைக் கழற்றி, கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை சுவரடியில் ஒட்டினேன். தொட்டிக்கு வேறு சின்ன விளக்கு செய்தேன். அது இஷாவுக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் மட்டும் எரியும்.

செய்ய விரும்புவோருக்குச் செய்முறை இதுதான். பழைய 5 வோல்ட் போன் சார்ஜர் ஒன்று, நீல எல்.ஈ.டி. ஒன்று, 1000 ஓம் தடையி ஒன்று. மூன்றையும் தொடராக இணையுங்கள். எல்.ஈ.டி.யின் நீளமான கால் நேர்முனைப் பக்கம். அது சுமார் 3 வோல்ட் எடுக்கும், மீதி 2 வோல்ட் தடையியில். ஓமின் விதிப்படி ஓட்டம் 2 மில்லியம்பியர் அளவுதான். 100 ஓம் போட்டால் பத்து மடங்கு பளிச்சென்று எரியும். வேண்டாம், நிலா மங்கலாகவே இருக்கட்டும். இணைப்புகளை நீர் புகாமல் மூடுங்கள். 230 வோல்ட் வயரைத் தண்ணீருக்கு மேல் கொண்டு போகவே கூடாது. வயர் பிளக்குக்குப் போகுமுன் ஒருதரம் கீழே தொங்கி மேலே ஏறட்டும். அப்போதுதான் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் தரையில் சொட்டும். ஒரு டைமர் போட்டுவிடுங்கள். கரண்ட் போனால் மீனுக்கு முதலில் வேண்டியது வெளிச்சம் அல்ல, காற்று. காசு மிச்சம் இருந்தால் யூ.எஸ்.பி. காற்றுப் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள்.

இப்போது தொட்டியில் நாலு மீன்கள். ஆண் மீன் மறுபடி சிவந்துவிட்டது. வாப்பா ராவைக்கு எழும்பினால் நான் எழும்புவதில்லை. அவர் காலடியில் வெளிச்சம் இருக்கிறது. பக்கத்தில் தொட்டி இருட்டாக இருக்கிறது.

உங்கள் வீட்டில் முதல் இரவு விளக்கு எது? பெரியவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். திங்கட்கிழமை என் வகுப்பில் வாசித்துக் காட்டுவேன், இன்ஷா அல்லாஹ்.