பலகையும் குவளையும்

புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்கு வேலை தேடி வரும் இளைஞன் ஒருவனை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! கையில் காசு கொஞ்சம், வயிற்றிலே பசி அதிகம். அண்ணா சாலையில் புகாரி ஓட்டலிலே அமர்ந்து பிரியாணி உண்கிறான். மறுநாள் காலை இட்டிலிக் கடை; மாலையில் பர்மா பஜார் பக்கம், பர்மாவிலிருந்து திரும்பிய நம்மவர் கொண்டுவந்த அத்தோ. எந்தக் கடையிலும் அவனை யாரும் 'நீ என்ன சாதி?' என்று கேட்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் யாரென்று அவனும் கேட்கவில்லை. கேட்காதது இயல்பென்றே அவன் நினைக்கிறான்.

இயல்பா அது? இல்லை! அந்த மௌனத்தைப் பெற்றுத் தர ஒரு தலைமுறையே தெருவில் நின்றது, சிறைக்கும் சென்றது.

ஓட்டல் தோன்றுவதற்கு முன் வழிப்போக்கனுக்கு இருந்தது சத்திரம். அறம் என்றார்கள், அன்னதானம் என்றார்கள். ஆனால் அந்த அறத்துக்கும் பூணூல் அடையாளம் தேவைப்பட்டது! பல சத்திரங்களிலே பந்தி பார்ப்பனருக்கு. கொடுத்தவன் எவனாயினும் கவலையில்லை. 1904-ல் காசிக்குச் சென்ற இளைஞர் ஈ.வெ.ராமசாமி பசியோடு சத்திரத்துக்குள் நுழைய முயன்று, வாயிற்காவலனால் வெளியே தள்ளப்பட்டதையும், தெருவில் எறியப்பட்ட எச்சில் இலையிலிருந்து உண்ண நேர்ந்ததையும் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறும். அந்தச் சத்திரத்தைக் கட்டியவர் பார்ப்பனரல்லாத தென்னாட்டு வணிகர் என்பதைச் சுவரிலேயே எழுதி வைத்திருந்தார்களாம். பணம் நம்முடையது, பந்தி அவருடையது!

காசு கொடுத்து உண்ணும் கடை வந்தபோது இந்த நிலை மாறியிருக்க வேண்டும். காசுக்குச் சாதி ஏது? புதுக்கோட்டைத் தொண்டைமான் அரசர்கள் அச்சிட்ட அம்மன் காசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவம்; மறு பக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. நவராத்திரியின்போது அரிசியுடன் அதையும் வழங்குவார்கள். வழங்கிய கையிலேயே அது தங்கிவிடவில்லை. உழவன் கைக்கும் வந்தது, குயவன் கைக்கும் வந்தது, செருப்புத் தைப்பவன் கைக்கும் வந்தது. கல்லாப்பெட்டியில் விழுந்தபின் எந்தக் காசு எவனுடையது என்று எந்தச் சாத்திரியாராலும் பிரித்துக் காட்ட முடியாது. கல்லாவில் இல்லாத தீட்டு, கைகழுவும் இடத்தைத் தாண்டியதும் எங்கிருந்து முளைத்தது?

வியாபாரம்தான் அதை முளைக்க வைத்தது. பார்ப்பனர் சமைத்ததை எல்லாச் சாதியாரும் உண்பர். மற்றவர் சமைத்ததைப் பார்ப்பனர் உண்ணார். ஆகவே பார்ப்பனர் சமையல் என்றால் ஊர் முழுவதும் வாடிக்கை! 'பிராமணாள் காபி கிளப்' என்ற பலகை பக்தியினால் மட்டும் தொங்கியதன்று. அது விற்பனைக்கான முத்திரை. இதிலே ஒரு வேடிக்கை: வீட்டுக்கு வெளியே உண்பதே ஆசாரக் கேடு என்று அவர்களுடைய பெரியவர்களே முகம் சுளித்தார்கள். கிளப்புக் கடை ஆசாரத்தை உடைத்தது. உடைத்த கையோடு அதன் பெயரைப் பலகையிலும் எழுதிக்கொண்டது. உள்ளே போனால் பார்ப்பனருக்குத் தனியிடம், மற்றவர்க்குத் தனியிடம். ஒடுக்கப்பட்டவர்க்கு? அவர்களுக்கு 'மற்றவர்' இடமும் இல்லை, வாசலோடு சரி.

புகைவண்டி நிலையங்களிலும் இதே கூத்து. 1929-ல் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு இருப்புப்பாதை வந்தது. வண்டியிலே சீட்டுத்தான் வகுப்பைப் பிரித்தது. மூன்றாம் வகுப்புப் பலகையிலே பண்ணையாளும் புரோகிதரும் தோளோடு தோள் உரசித்தான் வந்தாக வேண்டும். ஆனால் சந்திப்பு நிலையத்திலே பசிக்கு இறங்கினால், கூடவே சாதியும் இறங்கியது! உணவுச்சாலையில் பார்ப்பனருக்கு ஓரிடம், மற்றவர்க்கு வேறிடம். இயக்கத்தார் இதை எதிர்த்து ஓயாது குரல் கொடுத்தனர். 1941-ல் அந்தப் பிரிவினை நீக்கப்பட்டது. வெள்ளைக்காரன் கம்பெனி வெகு நாளாய்க் காத்து வந்த வருணாசிரமம் அது என்பதையும் மறக்கக் கூடாது.

சேரன்மாதேவி குருகுலத்தின் கதையை நீங்கள் அறிவீர்கள். வ.வே.சு.ஐயர் நாட்டுப்பற்று மிக்கவர், ஐயமில்லை. காங்கிரசும் பொது மக்களும் பணம் தந்தார்கள். ஆனால் உண்ணும் நேரத்திலே பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப் பந்தி. நாட்டுக்கு விடுதலை பெறப் பயிலும் பிள்ளைகளுக்கு நடுவே சுவர்! டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேள்வி எழுப்ப, 1925-க்குள் அது தமிழ்நாட்டுக் காங்கிரசையே கலக்கிய கேள்வியாயிற்று. ஒரு சாப்பாட்டுப் பந்தி அரசியலின் போக்கைத் திருப்பியது என்றால், பந்தி சின்ன விஷயம் என்று சொல்வார்க்கு வேறென்ன விடை வேண்டும்?

குடியரசு வந்தது. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கடைகளுக்குள்ளும் பொது உணவு விடுதிகளுக்குள்ளும் நுழைவதற்குச் சாதி தடையாகக் கூடாது என்றது. 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் ஒரு படி மேலே சென்று, உணவு விடுதிகளில் பொதுமக்களுக்கென வைத்திருக்கும் பாத்திரங்களையும் குறிப்பிட்டது. சட்டம் எழுதியவர்கள் நாட்டை அறிந்தவர்கள்! கதவைத் திறந்துவிட்டுக் குவளையிலே பிடிப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பலகைகள் மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தன. 1957 மே மாதம், திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன் பெரியாரின் தொண்டர்கள் நின்றார்கள். கேட்டது ஒன்றே: 'பிராமணாள்' என்ற சொல்லை எடுங்கள். கல் எறியவில்லை, கதவை உடைக்கவில்லை. நாள்தோறும் ஓர் அணி வரும், கைதாகும். மறுநாள் வேறோர் அணி வரும். மாதங்கள் பல ஓடின. இறுதியில் சொல் இறங்கியது. ஒரு சொல்லுக்கா இத்தனை பேர் சிறை சென்றார்கள் என்று அன்று சிலர் எள்ளி நகையாடினர். ஒரு சொல்தானே, முதல் நாளே எடுத்திருக்கலாமே என்று அவர்கள் கடைக்காரரைக் கேட்கவில்லை!

மூன்றாண்டுகள் கழித்து, 1960 பிப்ரவரி முதல் நாள், அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில் கருப்பின மாணவர் நால்வர் உல்வொர்த் கடையின் சிற்றுண்டி மேடையில் அமர்ந்து காபி கேட்டார்கள். கிடைக்கவில்லை; எழவுமில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். ஜூலையில் கடை பணிந்தது. அங்கே நிறம், இங்கே பிறப்பு.

மாறுதலும் வந்தது. 1897-ல் கமுதிக் கோவிலில் நுழைந்ததற்காக நாடார்கள் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 1908-ல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அந்தச் சமுதாயத்திலே பிறந்த ஒருவர் 1981-ல் சென்னை கலைஞர் கருணாநிதி நகரில் சரவண பவனைத் தொடங்கினார். அவருடைய பிற்கால வாழ்வும் நீதிமன்றம் தந்த தண்டனையும் வேறு கதை. அந்தக் கடையின் சாம்பாரை மயிலாப்பூர்க்காரரும் ருசித்து உண்டார் என்பதே இங்கு நமக்கு வேண்டிய செய்தி.

இத்துடன் கைதட்டிக் கலைந்துவிடலாமா? கலைய முடியாது. புதுக்கோட்டைக்குத் திரும்புவோம்.

2022 டிசம்பர் இறுதியில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் ஒடுக்கப்பட்ட மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியிலே மலம் கலந்திருப்பது தெரியவந்தது. மாவட்ட ஆட்சியர் கவிதா ராமுவும், காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேயும் நேரில் வந்தனர். மக்கள் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசவில்லை. இறையூர் அய்யனார் கோவிலுக்குள் எங்களை விடுவதில்லை என்றார்கள். தேநீர்க் கடையிலே எங்களுக்கு வேறு குவளை என்றார்கள். அதிகாரிகள் அவர்களைக் கோவிலுக்குள் அழைத்துச் சென்றனர். தேநீர்க் கடைமீது வழக்குப் பதிவாயிற்று.

முரளி கபேயின் முன் நின்ற கதையைப் பெருமையோடு சொல்லும் நாம், இந்த இடத்திலே கண்ணாடியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைப்போர் பெரும்பாலும் பார்ப்பனர் அல்லர். 'சூத்திரன்' என்ற சொல்லைக் கேட்டுக் கொதித்த வீடுகளிலிருந்தே தனிக் குவளையும் வந்தது. மேலே இருப்பவன் தள்ளியபோது வலித்தது. கீழே இருப்பவனைத் தள்ளும்போது அது வழக்கம் என்ற பெயர் பெற்றது. பலகையை எதிர்ப்பது எளிது, அது தெருவைப் பார்த்துத் தொங்கும். குவளையோ கடையின் உள்மூலையில் இருக்கும். சில ஊர்களில் குடித்தவனே கழுவி வைக்க வேண்டும். சில ஊர்களில் சிலருக்கு மட்டும் காகிதக் குவளை, கேட்டால் சுகாதாரம் என்பார்கள்!

குவளையைப் பற்றிச் சட்டம் எழுதப்பட்டது 1955-ல். இறையூருக்கு ஆட்சியர் வந்தது 67 ஆண்டுகள் கழித்து. அதுவும் நீர்த்தொட்டியைப் பார்க்க. ஊர்மக்கள் வாய் திறந்து சொன்னதால்தான் வழக்கு கடைவரை சென்றது.