சப்பரமஞ்சம்

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் நம் குடும்பத்தாருக்கு ஒரு கேள்வி இருக்கிறது.

போன வாரம் தம்பி போன் செய்தான். "அக்கா, ஊர் வீட்டுச் சப்பரமஞ்சத்தைப் பழைய சாமான் வியாபாரி கேட்கிறார். கொடுத்துடலாமா?" என்றான். தேக்கு மரம், நாலு கடைசல் தூண், மேலே சட்டம், தலைமாட்டில் கொடிவேலை. சாமி புறப்பாட்டுச் சப்பரம் போல மேலே கூடாரம் இருப்பதால்தான் அந்தப் பெயர். சின்ன வயதில் எங்களுக்கு அதுதான் தேர்.

மேற்கட்டி வைத்த கட்டில் மிகப் பழைய சங்கதி. எகிப்தில் பெரிய பிரமிடு கட்டிய கூஃபு மன்னனின் தாய் ஹெடெஃபெரஸ். அவளுடைய கல்லறை 1925இல் கீசாவில் கண்டுபிடிக்கப்பட்டது. தங்கத்தகடு போர்த்திய கூடாரச் சட்டமும், அதற்குள் போடும் கட்டிலும் அங்கே இருந்தன. வயது 4,500 ஆண்டுகளுக்கு மேல். சட்டத்தைக் கழற்றி வேறிடத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் குளிருக்காகச் சுற்றிலும் கனத்த திரை கட்டினார்கள். வேர் என்ற ஊரின் விடுதிக்காக 1590 வாக்கில் செய்த கட்டிலின் அகலம் 3 மீட்டருக்கு மேல். ஷேக்ஸ்பியரே தம் நாடகத்தில் அதைச் சொல்கிறார். படுத்துப் போனவர்கள் தங்கள் பெயரெழுத்துகளை அதில் செதுக்கி வைத்தார்கள். (நம் பள்ளி பெஞ்சில் காம்பஸால் செதுக்கியவர்கள் இதைப் படித்துச் சந்தோஷப்பட வேண்டாம்!) இப்போது அது லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் ஓட்டு வீடுகளில் குளிர் எங்கே? மேலிருந்து விழும் தூசிக்கும் பல்லிக்கும்தான் மேற்கட்டி. கொசுவலை கட்டவும் ஆயிற்று.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது நக்கீரர் நெடுநல்வாடையில் காட்டும் பாண்டிமாதேவியின் கட்டில். 188 அடிப் பாட்டில் அதற்கென்றே நிறைய அடிகளைக் கொடுத்திருக்கிறார். போரில் மாண்ட நாற்பது வயது யானைகளின் தந்தத்தை அறுத்து, கூரிய உளியால் இலை வேலை செய்து, பூண்டு போல உருண்ட கால்களைப் பொருத்தியிருக்கிறார்கள். சுற்றிலும் முத்துச் சரம். மெத்தையில் அன்னத்தின் தூவி. மேலே மெழுகு பூசிய துணியில் மேற்கட்டி. அதில் சூரியன் செல்லும் இராசி மண்டலமும், சந்திரனை விட்டுப் பிரியாத உரோகிணியும் ஓவியமாக இருக்கிறார்கள்.

இவ்வளவு சொன்னபின் புலவர் அரசியைக் காட்டுகிறார். நகைகளைக் களைந்துவிட்டு அந்த ஓவியத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். அரசனோ வாடைக்காற்று வீசும் பாசறையில், நள்ளிரவில், காயம்பட்ட வீரர்களைப் பார்த்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறான். கட்டிலின் அழகு கூடக்கூட அவள் தனிமையும் கூடுகிறது.

ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த நான், கீழ் வகுப்புகளுக்கே பாடம் எடுத்தேன். இந்தப் பாட்டை முழுதாகப் படித்தது ஓய்வு பெற்ற பிறகுதான். படித்த அன்று அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அப்பா போன பிறகு அம்மா அந்த மஞ்சத்தில் ஒருநாளும் படுக்கவில்லை. பக்கத்திலேயே தரையில் பாய் விரித்துக்கொள்வார். தூணை மட்டும் வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பார். "இவ்வளவு பெரிய கட்டில் இருக்க, ஏம்மா கீழே படுக்கிறே?" என்று நான் எத்தனையோ முறை கோபித்திருக்கிறேன். அவர் பதில் சொன்னதேயில்லை. நானும் புரிந்துகொள்ளவில்லை.

தம்பி சொல்வதிலும் நியாயம் உண்டு. எங்கள் யார் ஃபிளாட்டிலும் அது நுழையாது. கரையான் அரிக்க விட்டால் அது இன்னும் பாவம். ஆனால் பழைய மஞ்சங்களைப் போல இதையும் ஆப்பு தட்டினால் தனித்தனியாகக் கழற்றிவிடலாம். சொந்தங்களில் யாராவது ஓட்டு வீட்டிலோ தோட்ட வீட்டிலோ இடம் கொடுத்தால், வண்டிச் செலவு என்னுடையது. பொங்கல் வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

யாரும் கேட்காவிட்டால் விற்கட்டும். அதற்கு முன் ஒருமுறை ஊருக்குப் போய், அந்தத் தூண்களுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு வருவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்