தோட்டத்துப் பெண்மக்களும் பெயர் பெறாத நோயும்

பேராக்கின் சரித்திரத்தை எழுதுவோர், 1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ஹியூ லோ துரை நட்ட ரப்பர்க் கன்றுகளைப் பற்றி விரித்துரைப்பர். ஈப்போவின் ஈயச் செல்வத்தையும் புகழ்வர். பின்னாளில் எழுந்த தோட்டங்களில் பால் வெட்டிய பெண்மக்களின் உடல்நிலையைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. மலேரியாவும் பிரசவமும் ஓரளவேனும் கணக்கில் ஏறின. கணக்கில் ஏறாத நோயும் ஒன்றுண்டு.

லூபஸ் எனப்படும் அந்நோயில், உடலைக் காக்க வேண்டிய சக்தியே உடலைப் பகைத்துத் தாக்குகின்றது. மூட்டுகள் வீங்கும், ஓயாத அயர்ச்சி உண்டாகும், சிலருக்குச் சிறுநீரகமும் கெடும். நோயுறுவோர் பதின்மரில் ஒன்பதின்மர் பெண்கள். வெயில் பட்டால் பலருக்கு நோய் மிகும். முகத்தில் தோன்றும் செந்தடிப்போ நமது கறுத்த மேனியில் எளிதில் புலப்படாது. இந்நோயின் தனி அடையாளத்தை அமெரிக்க மருத்துவர் ஹார்கிரேவ்ஸ் முதலானோர் அணுக்களில் கண்டு வெளியிட்டது 1948-இல்தான். அதற்கு முன் தோட்டத்து டிரெசர் இதை அறிந்திருக்க வழியேது?

ஆயின், நோய்க்குப் பெயரில்லாவிடினும் நோயாளிக்குப் பெயர் வைக்க நாம் தயங்கினோமில்லை. சோம்பேறி என்றோம், பேய்ப்பிடி என்றோம், முன்வினை என்றோம். பெரட்டுக்கு வராதவளுக்கு அன்றைய பெயர் விழாது. பெயர் விழாவிடில் கூலியில்லை. அக்கூலிதான் எவ்வளவு? 1920-களின் இறுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பினால் அடுப்பும் பிள்ளைகளும் அவளுக்கே. இவ்வேலைக்குக் கூலியுமில்லை, ஓய்வுமில்லை.

இங்கொரு விந்தையைக் கவனியுங்கள். 1930-களில் மலேரியாவைத் தடுக்க மலாயாத் தோட்டங்களில் அட்டெப்ரின் மாத்திரை சோதித்துப் பார்க்கப்பட்டது. அம்மருந்தே லூபஸுக்கும் பயன்படுமென்று 1951-இல் இங்கிலாந்தில் பேஜ் என்னும் மருத்துவர் எழுதினார். அவ்வினத்தைச் சேர்ந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்தான் இன்று இந்நோய்க்கு அடிப்படை மருந்து. கூலியாளை வேலைக்கு நிறுத்துவதற்காகத் தோட்டத்துக்கு வந்த மருந்தினம், அவளது சொந்த நோய்க்கும் உதவுமென்பது பின்னரே தெரிந்தது.

ரப்பர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், நம்மவர் ஈப்போ, சுங்கை சிப்புட் போன்ற ஊர்களின் ஓரங்களுக்குப் பெயர்ந்தனர். அரசாங்க ஆஸ்பத்திரியில் குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. எனினும் நாட்கூலிக்காரி ஒருத்தி மருத்துவரைக் காண ஒரு நாள் கூலியையும் பஸ் செலவையும் இழக்கிறாள். குடியுரிமைப் பத்திரம் இல்லாதவளுக்கோ அக்குறைந்த கட்டணமும் எளிதில் எட்டுவதில்லை. ஏழ்மை, பெண்மை, பத்திரமின்மை ஆகிய மூன்றும் ஒரே உடலின்மேல் சுமத்தப்படுகின்றன.

செக்ரோல் எழுதும் நம் போன்ற கிராணிமார் ஒன்றை உணர வேண்டும். வராதவள் என்று நாம் இடும் குறி அவள் குணத்துக்குச் சான்றாகாது. தாய்மாரே! மூட்டுவலியும் அயர்ச்சியும் வாரக்கணக்கில் நீடித்தால் பூசாரியிடம் போகாதீர்கள். மருத்துவரிடம் சென்று இரத்தத்தையும் சிறுநீரையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஆண்மக்களே! அவளை அழைத்துச் செல்லும் அந்நாளில் அடுப்பை நீங்கள் மூட்டுங்கள்.