தோட்டத்தின் கதையும் திரையின் கலகமும்

1948ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் காலையில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து பிரகடனப்படுத்தப்பட்ட அவசரகாலம் இரண்டு நாள்களில் மலாயா முழுமைக்கும் விரிந்தது. 1960 வரை நீடித்தது. துப்பாக்கியேந்தியவரை மட்டுமன்றி, கூலி உயர்வு கேட்டவரையும் அச்சட்டம் ஐயக்கண் கொண்டே நோக்கியது. தஞ்சை மண்ணில் பிறந்து, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கிய எஸ். ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில் 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய நாள் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இத்துணைப் பெரிய நிகழ்ச்சிகள் நடந்தும் தோட்ட லயங்களில் அவை உரத்துப் பேசப்படவில்லை. அச்சம் நாவைக் கட்டியது. பால்வெட்டு மரத்தடியில் பிறந்த பாட்டுகளில் கங்காணியின் கொடுமை இடம்பெற்றது. அரசியல் இடம்பெறுவது அரிது. அதற்குள் தோட்டங்களே மாறத் தொடங்கின. பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. அவ்விடரைத் தடுக்க, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தொழிலாளரின் சிறுசேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்க வழிகாட்டினார். எனினும் பின்னாளில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தலைமுறை வாழ்ந்த லயங்களை விட்டுக் குடும்பங்கள் நகரோரப் புறம்போக்குக் குடிசைகளில் ஒதுங்கின.

இவ்வரலாற்றைக் கலை நேர்முகமாகத் தொட்டது மிகவும் காலந்தாழ்ந்தே எனலாம். சித்தியவானில் பிறந்த பொதுவுடைமைக் கட்சித் தலைவர் சின் பெங் வாழ்ந்த ஊர்களினூடே பயணம் செய்து, அமிர் முகமது 2006இல் 'கடைசிக் கம்யூனிஸ்டு' என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். சின் பெங் அதில் தோன்றுவதே இல்லை. அவ்வூர்களின் எளிய மக்களே பேசுகின்றனர், இடையிடையே பாட்டுகளும் வருகின்றன. தணிக்கைக் குழு வெட்டின்றி இசைவளித்த அப்படத்தை, நாளிதழ் ஒன்றில் எதிர்ப்பு எழுந்தபின் உள்துறை அமைச்சு தடை செய்தது. பார்க்காதவரும் கண்டித்த படம் அது.

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வெளிவந்த 'ஜகாட்' வேறு வகையினது. அதில் கொடியுமில்லை, முழக்கமுமில்லை. தோட்டத்தை இழந்து 1990களின் தொடக்கத்தில் குடிசைப்பகுதியில் வாழும் ஒரு குடும்பத்தின் சிறுவன் அப்போய். கற்பனை வளம் மிக்கவன். படிப்பால் மகன் மீள வேண்டும் என்று தந்தை அடித்துத் திருத்துகிறார். சிற்றப்பன்மாரின் குண்டர் உலகமோ அவனை அழைக்கிறது. 'கெட்டவன்' என்று பொருள்படும் மலாய்ச் சொல்லின் திரிபே படத்தின் பெயர். அச்சிறுவன் கெட்டவனாக எங்ஙனம் ஆக்கப்பட்டான் என்பதே படம் எழுப்பும் வினா. ஆசிரியராக இருப்போர் அதனைப் பார்க்கையில் சற்றே நெளியக்கூடும்.

2016இல் 28ஆம் மலேசியத் திரைப்பட விழாவுக்கு வந்தபொழுது, தேசிய மொழியில் அமையாத படங்களுக்கெனத் தனிப்பிரிவு வகுக்கப்பட்டு 'ஜகாட்' அதில் வைக்கப்பட்டது. இந்நாட்டு மண்ணின் கதை, இந்நாட்டுக் கலைஞரின் படைப்பு. மொழி ஒன்றே வேறு. மலாய்க் கலைஞரே முதலில் வெகுண்டனர் என்பது மறக்கத்தகாதது. ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம் தாம் முன்னர்ப் பெற்ற விருதுகளைத் திருப்பியளித்தார். எதிர்ப்பு வலுக்கவே விதி திருத்தப்பட்டது. எம்மொழிப் படமும் 'சிறந்த மலேசியத் திரைப்படம்' என்னும் விருதுக்குத் தகுதி பெற்றது. தேசிய மொழிப் படத்திற்கான விருது தனியே நின்றது. அவ்வாண்டு செப்டம்பரில் சிறந்த மலேசியத் திரைப்படமாக அறிவிக்கப்பட்டது 'ஜகாட்'.