கவனமும் பசியும்

பனியன் கம்பெனிகளில் பெண்களைப் பற்றி இரண்டு பேச்சுகள் அடிக்கடி காதில் விழும். ஒன்று, "அந்தப் புள்ளைக்குப் புத்தி ஒரு எடத்துல நிக்காதுங்க." மற்றது, "கண்டதைத் தின்னே சம்பளத்தைத் தீத்துருவா." இரண்டையும் ஒரே பெண்ணைக் குறித்துச் சொல்லவும் கேட்டிருக்கிறேன். சொல்பவர்களுக்கு இது அவளுடைய குணம். "அவங்கம்மாளும் அப்படித்தானுங்க" என்று கூடவே ஒரு வரியைச் சேர்த்துவிடுவார்கள். அந்தக் கடைசி வரியில் ஓர் உண்மையின் நிழல் இருக்கிறது. ஆனால் அதை ஏச்சாகச் சொல்வதற்கும் அறிவியலாகச் சொல்வதற்கும் நடுவில் பெரிய வரலாறு கிடக்கிறது.

உணவை மறுத்து மெலியும் பெண்களைப் பற்றி 1873இல் பாரிஸில் லசேக், லண்டனில் வில்லியம் கல் என இரு மருத்துவர்கள் தனித்தனியே பேசினார்கள். கல் வைத்த பெயர்தான் அனோரெக்சியா நெர்வோசா. இந்த நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள உறவினர்களைவிட மோசமானவர்கள் இல்லை என்பது அவருடைய கருத்து. தாயின் மீது பழி விழத் தொடங்கிய இடங்களில் இதுவும் ஒன்று. 1902இல் அதே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், ஓரிடத்தில் நில்லாத, கட்டுக்கு அடங்காத பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவர் விவரித்தவர்களில் பெரும்பாலோர் பையன்கள். அதை அவர் 'ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறைபாடு' என்றார். இன்று ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவுக் கோளாறின் முன்வரலாறு அங்கிருந்துதான் சொல்லப்படுகிறது.

ஆக, கவனம் பையன்களின் நோய், உணவு பெண்களின் நோய் என்று பங்கு பிரிந்துவிட்டது. வகுப்பில் ஓடாமல் ஆடாமல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறுமி எந்தப் பங்கிலும் வரவில்லை. துறுதுறுப்பு இல்லாமலே கவனக்குறைவு இருக்கலாம் என்று அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு ஏற்றது 1980இல். அளவுமீறி உண்பதைத் தனி நோயாக அது ஏற்க 2013 ஆனது. அதுவரை அவளுக்கு இருந்த பெயர் பெருந்தீனிக்காரி.

மருத்துவர்கள் சேர்த்துப் பார்க்காததை மாத்திரை முன்பே சேர்த்துவிட்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. 1937இல் சார்லஸ் பிராட்லி அமெரிக்காவில் பென்சிட்ரின் என்ற ஆம்ஃபெடமைன் மருந்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, அவர்கள் பாடத்தில் நிலைகொண்டதை எழுதினார். அடுத்த முப்பது ஆண்டுகளில் அதே குடும்பத்து மருந்துகள் உடல் இளைக்க அமெரிக்கப் பெண்களுக்கு ஏராளமாக எழுதிக்கொடுக்கப்பட்டன. ஒபிட்ரால் என்று விற்ற இளைப்பு மாத்திரைதான் 1990களில் அடரால் எனப் பெயர் மாறிக் கவனக்குறைவுக்கு வந்தது. கவனத்துக்காக 2007இல் அனுமதி பெற்ற லிஸ்டெக்ஸாம்ஃபெடமைன் என்ற மருந்துக்கு, 2015இல் அளவுமீறி உண்ணும் நோய்க்கும் அமெரிக்கா அனுமதி தந்தது. பையன் படிக்க ஒரு மாத்திரை, அம்மா இளைக்க அதே மாத்திரை. மகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மரபணுக் கேள்வி பிறகுதான் வருகிறது. சுவீடனில் ஆயிரக்கணக்கான இரட்டைச் சகோதரிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. ஒரே மரபணு கொண்ட இரட்டையரையும், சாதாரண அக்கா தங்கை அளவுக்கே மரபணு ஒத்த இரட்டையரையும் ஒப்பிட்டார்கள். கவனக்குறைவு, அளவுமீறி உண்ணுதல் இரண்டும் ஒருத்தியிடம் சேர்ந்து வருவதில் மரபுக்குப் பெரும்பங்கு உண்டு என்று தெரிந்தது. முழு ஒற்றுமையை 1 என்று வைத்தால் இரண்டுக்கும் இடையிலான மரபு ஒற்றுமை 0.35. ஒரு பகுதி பொது, பெரும்பகுதி தனித்தனி. அனோரெக்சியாவின் கதை வேறு. சுமார் 17,000 நோயாளிகளை வைத்து 2019இல் வந்த மரபணு ஆய்வு, அதன் வேர்களை உடலின் வளர்சிதை மாற்றத்திலும் மனச்சுழற்சி நோயோடும் கண்டது. 'உணவுக் கோளாறு' என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுவது தவறு.

இந்த மரபணு ஆய்வுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். நம் பக்கம் என்ன இருக்கிறது? 1990களில் சென்னையில் 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்து, மேலைநாட்டு இலக்கணத்தில் முழுதாக அடங்காத 'உணவுத் துயரம்' ஒன்றைச் சுமார் 15 சதவீதத்தினரிடம் கண்டார்கள். கோயம்புத்தூர் மாவட்டத் தொடக்கப் பள்ளிகளில் 770 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. 11.32 சதவீதத்தினருக்குக் கவனக்குறைவுக் கோளாறு. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பையன்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம் கூடுதல். இந்த இரண்டு ஆய்வுகளிலும் கைமடிக்கிற பெண்ணோ, செக்கிங் மேசைப் பெண்ணோ இல்லை.

இங்கேதான் எனக்கு ஒரு தயக்கம். மரபின் பங்கு என்று சொல்லும் எண், அந்த மக்கள் வாழும் சூழலுக்குள் கணக்கிட்ட எண். சூழல் மாறினால் எண்ணும் மாறும். திருப்பூரில் காலை எட்டரைக்கு நுழைந்து ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்குமேல் வெளியே வருகிறவள், நடுவில் டீயும் பன்னும் தவிர எதுவும் வாயில் போட நேரமில்லாதவள், வீட்டுக்கு வந்து சட்டியோடு உட்கார்ந்தால் அது மரபணுவா, பீஸ் ரேட்டா? சுமங்கலித் திட்டத்தில் மில் விடுதிகளில் அடைபட்ட பெண்களைப் பற்றி 2011இல் வந்த 'கேப்ச்சர்டு பை காட்டன்' அறிக்கை நீண்ட வேலை நேரத்தைப் பேசியது. மாதவிடாய் வலிக்குப் பெயர் தெரியாத மாத்திரை கொடுத்து வேலை வாங்கியதை 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளிக்கொண்டுவந்தது. பசியை உணர்ந்து நேரத்துக்கு உண்ணத் தவறுவது கவனக்குறைவு உள்ளவர்களிடம் காணும் ஒன்று. கம்பெனி அதை எல்லாருக்கும் பழக்கிவிடுகிறது. பிறவியிலேயே அந்தச் சாய்வு உள்ளவள் இரண்டு மடங்கு அடிபடுகிறாள். அவளைத் தனியே அடையாளம் காணத்தான் நம்மிடம் கண் இல்லை.

இதை வகுப்பில் சொன்ன அன்று ஒரு மாணவி வராந்தாவில் காத்திருந்தாள். அம்மா செக்கிங் வேலை. இரவில் எல்லாரும் தூங்கியபின் அடுக்களையில் நின்றபடி தின்பாளாம். தேர்வில் கேள்வியைப் பாதி படித்துவிட்டு எழுதத் தொடங்குவாளாம். "அப்ப இது என் தப்பில்லைங்களா மேடம்?" என்றாள். இல்லை என்றேன். அவள் முகத்தில் வந்த நிம்மதி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. "ரத்தத்துலயே இருக்குதுன்னு தெரிஞ்சா, பொண்ணு பாக்க வர்றவங்க எங்கம்மாளத்தானுங்க மேடம் சொல்லுவாங்க?"

நான் அவளோடு பேருந்து நிறுத்தம் வரை நடந்தேன். அவளுடைய அம்மா அப்போதும் ஷிப்டில் இருந்தார்.