ஹூஸ்டன் ஊளையிட்ட ஒரு தேர்வு

2006ம் வருடம் ஏப்ரல் 28ம் தேதி, வெள்ளிக்கிழமை இரவு. மறுநாள் நியூயார்க்கில் என்.எஃப்.எல். டிராஃப்ட் தொடங்க வேண்டும். ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணியின் கையில் முதல் தேர்வு இருந்தது. நாட்டில் எந்த வீரரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். யாரை எடுக்கப் போகிறார்கள் என்பதில் யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை. அந்த இரவு ஒரு செய்தி வந்தது: டெக்ஸன்ஸ் மரியோ வில்லியம்ஸ் என்ற 21 வயதுப் பையனோடு ஒப்பந்தம் போட்டுவிட்டது. ஆறு வருடம், 54 மில்லியன் டாலர். அதில் 26.5 மில்லியன், பையன் ஆடினாலும் ஆடாவிட்டாலும் கொடுத்தே ஆகவேண்டிய பணம்.

ஹூஸ்டன் ரசிகர்கள் கொந்தளித்தார்கள். அடுத்த ஒன்றரை வருடம் அந்தப் பையன் போன இடமெல்லாம் இந்தக் கோபமும் கூடவே போனது.

அமெரிக்கக் கால்பந்து தெரியாத நண்பர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. (தெரிந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.) பேர் தான் கால்பந்து, காலுக்கு அதில் வேலை குறைவு. ஆட்டத்தின் மூளை குவார்ட்டர்பேக் என்பவர். பந்து முதலில் அவர் கைக்கு வரும். இரண்டு மூன்று வினாடிக்குள் எங்கே எறிவது என்று அவர் முடிவு செய்யவேண்டும். அந்த இரண்டு மூன்று வினாடியை அவரிடமிருந்து பறிப்பது தான் எதிரணியின் பாஸ் ரஷர் வேலை. முன்னால் நிற்கும் 140 கிலோ ஆசாமியைச் சுற்றியோ தள்ளியோ போய், பந்து கையை விட்டுப் போவதற்குள் குவார்ட்டர்பேக்கைக் கீழே சாய்க்க வேண்டும். சாய்த்தால் அதற்குப் பெயர் ஸாக். இந்தப் பெயரைப் பிரபலப்படுத்தியவர் 1960களில் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணியில் ஆடிய டீக்கன் ஜோன்ஸ். வேடிக்கை என்னவென்றால், லீக் இதைத் தனி வீரர் கணக்கில் அதிகாரபூர்வமாக எழுதத் தொடங்கியது 1982ல் தான். ஜோன்ஸ் 1974லேயே ஓய்வு பெற்றுவிட்டார்.

டிராஃப்ட் என்பது கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகப் பங்கு போட்டுக்கொள்ளும் முறை. 1936லிருந்து நடக்கிறது. போன வருடம் மோசமாகத் தோற்றவனுக்கு முதல் உரிமை. 2005ல் ஹூஸ்டன் 16 ஆட்டங்களில் 14ல் தோற்றது. கடைசி ஆட்டம் சான் ஃபிரான்சிஸ்கோவோடு. அதற்கு ரசிகர்கள் வைத்த செல்லப் பெயர் 'ரெஜி புஷ் கோப்பை'. தோற்றவருக்குத் தான் பரிசு! ஹூஸ்டன் அதிலும் வெற்றிகரமாகத் தோற்றது :-)

யார் இந்த ரெஜி புஷ்? தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஓட்டக்காரர். பந்தோடு ஓடினால் பிடிக்க ஆள் கிடையாது. 2005ன் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹீஸ்மன் கோப்பையை வாங்கியவர். (கல்லூரிக் காலத்தில் விதியை மீறிப் பணம் பெற்றதாக வந்த விவகாரத்தில் 2010ல் அந்த விருதைத் துறந்தார். 2024ல் மறுபடியும் அவர் கைக்கே வந்தது.) இன்னொருவர் வின்ஸ் யங். ஹூஸ்டனில் பிறந்து வளர்ந்து, டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். 2006 ஜனவரி 4ம் தேதி நடந்த ரோஸ் பௌல் ஆட்டத்தில் இந்த இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். 19 வினாடி மிச்சமிருக்கும்போது யங் தானே ஓடிப்போய் எல்லைக்கோட்டைத் தாண்டினார். டெக்ஸாஸ் 41, தென் கலிஃபோர்னியா 38. கல்லூரி ஆட்டங்களிலேயே ஆகச் சிறந்தது இது தான் என்று இன்றும் சொல்பவர்கள் நிறைய.

ஆக ஹூஸ்டன் ரசிகன் முன்னால் இரண்டு தட்டு. ஒன்றில் நாட்டின் கண்மணி, மற்றொன்றில் சொந்த ஊர்ப் பிள்ளை. அணி நிர்வாகம் இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு வட கரோலினாவிலிருந்து ஒரு தடுப்பாட்டக்காரரை எடுத்துக்கொண்டு வந்தது.

அந்த ஊளையில் பழைய காயமும் கலந்திருந்தது என்று நான் நினைக்கிறேன். ஹூஸ்டனில் முன்பு ஆயிலர்ஸ் என்று ஒரு அணி இருந்தது. 1996 பருவம் முடிந்ததும் முதலாளி அதை அப்படியே டென்னஸிக்குக் கொண்டுபோய்விட்டார். பெயரை டைட்டன்ஸ் என்று மாற்றிக்கொண்ட 1999 பருவத்திலேயே அந்த அணி சூப்பர் பௌல் வரை போனது. ஹூஸ்டனுக்குப் புது அணி கிடைத்தது 2002ல். அதன் முதல் தேர்வு டேவிட் கார் என்ற குவார்ட்டர்பேக். அவரைக் காப்பாற்ற முன்னால் சரியான ஆள் இல்லை. முதல் வருடமே 76 முறை சாய்க்கப்பட்டார். லீக் வரலாற்றில் அது ஒரு சாதனை, பாவம்! 2005லும் 68 முறை. நான்கு வருடம் தன் குவார்ட்டர்பேக் மண்ணைக் கவ்வுவதையே பார்த்துக்கொண்டிருந்தவனிடம் போய், 'எதிரியின் குவார்ட்டர்பேக்கைச் சாய்க்க ஆள் எடுத்திருக்கிறோம்' என்றால் அவனுக்கு எப்படி இருக்கும்?

நிர்வாகத்தின் கணக்கு வேறு. அவர்கள் பிரிவில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் இருந்தது, அதில் பேட்டன் மேனிங் இருந்தார். 2002 முதல் 2005 வரை கோல்ட்ஸோடு எட்டு முறை ஆடி எட்டு முறையும் ஹூஸ்டன் தோற்றது. மேனிங்கை நிம்மதியாக நிற்கவிட்டால் கதை முடிந்தது. அவரை அவசரப்படுத்த ஒருவன் வேண்டும். பொது மேலாளர் சார்லி காஸர்லியும் புதுப் பயிற்சியாளர் கேரி குபியாக்கும் அந்த வழியில் போனார்கள். கணக்கு தப்பில்லை. தப்பினால் என்ன விலை என்பது தான் பிரச்சினை. அந்தக் காலத்தில் முதல் தேர்வு தவறினால் அணி பல வருடம் கடன்காரன் மாதிரி தவிக்கவேண்டும். 2010ன் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதிப் பணம் மட்டும் 50 மில்லியன். 2011ல் விதியை மாற்றிய பிறகு கேம் நியூட்டனுக்கு மொத்தமே 22 மில்லியன் தான்.

சரி, வில்லியம்ஸை ரசிகர்கள் எப்படி எடை போட்டார்கள்? உடம்பைப் பற்றி யாருக்கும் குறை இல்லை. உயரம் ஆறடி ஆறங்குலத்துக்கு மேல், எடை 134 கிலோ. அந்த உடம்போடு 40 கெஜத்தை 4.7 வினாடியில் ஓடினார். நின்ற இடத்திலிருந்து 40 அங்குலத்துக்கு மேல் எம்பினார். 102 கிலோ பாரத்தைப் படுத்தபடி 35 முறை தூக்கினார். கல்லூரியின் கடைசி வருடம் 14.5 ஸாக். (அரை எப்படி என்றால், இருவர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்குப் பாதி.)

எதிர்த்தவர்களிடமும் சரக்கு இருந்தது. வட கரோலினா ஸ்டேட் அணியின் முன்வரிசையிலிருந்து அந்த ஒரே டிராஃப்டில் மூன்று பேர் முதல் சுற்றில் போனார்கள்: வில்லியம்ஸ், மேனி லாஸன், ஜான் மெக்கார்கோ. அப்படிப்பட்ட முன்வரிசை இருந்தும் அணி அந்த வருடம் ஜெயித்தது 7, தோற்றது 5. இவர்கள் அவ்வளவு பெரிய ஆட்கள் என்றால் அணி ஏன் ஜெயிக்கவில்லை? சில ஆட்டங்களில் மலையாகத் தெரிபவர் சிலவற்றில் காணாமல் போகிறாரே? இது பொறாமைக் கேள்வி இல்லை. உடம்பை மட்டும் பார்த்து ஏமாந்த கதைகள் ஏற்கெனவே இருந்தன. 1995ல் மைக் மமூலா பரிசோதனைக் களத்தில் அசத்தி ஏழாவது தேர்வாக ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார். மொத்த வாழ்க்கையிலும் 31.5 ஸாக். 2000ன் முதல் தேர்வு கோர்ட்னி பிரௌன், காயங்களோடே போராடி 19ல் நின்றார். பின்னால் 2008ல் நடந்தது இன்னும் கொடுமை. வெர்னன் கோல்ஸ்டன் அதே பாரத்தை 37 முறை தூக்கினார், கல்லூரியில் 14 ஸாக் எடுத்திருந்தார். நியூயார்க் ஜெட்ஸ் ஆறாவது தேர்வாக எடுத்தது. மூன்று பருவம், 45 ஆட்டம், ஸாக் பூஜ்ஜியம். அரை கூட இல்லை.

2006 பருவம் ஆரம்பித்தது. ரசிகர்கள் பயந்தது போலத் தான் நடந்தது. வில்லியம்ஸ் 16 ஆட்டத்தில் 4.5 ஸாக். பாதத்தின் அடிப்பக்க அழற்சியோடு வருடம் முழுவதும் ஆடினார், அந்த வலியைப் பட்டவர்களுக்குத் தான் தெரியும். ஆனால் ஸ்கோர்போர்டில் பாதவலி தெரியாதே. அந்தப் பக்கம் புஷ் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்காக 88 பந்துகளைப் பிடித்தார். கத்ரீனா புயலுக்குப் பிறகு ஊர் திரும்பிய அந்த அணி சூப்பர் பௌலுக்கு ஒரு படி கீழே வரை போனது. வின்ஸ் யங் போனது எங்கே? மூன்றாவது தேர்வாக டென்னஸி டைட்டன்ஸுக்கு. ஆம், ஹூஸ்டனை விட்டு ஓடிய அதே அணி. டிசம்பர் 10ம் தேதி அவர் ஹூஸ்டனுக்கே வந்தார். ஆட்டம் சமனாகிக் கூடுதல் நேரம் போனது. யங் பந்தை எடுத்துக்கொண்டு 39 கெஜம் தானே ஓடி ஆட்டத்தை முடித்தார். 26-20. சொந்த ஊர் மைதானத்தில், சொந்த ஊருக்கு எதிராக. வெந்த புண்ணில் வேல் என்றால் இது தான். அந்த வருடத்தின் சிறந்த புது ஆட்டக்காரர் விருதும் (தாக்குதல் பிரிவில்) அவருக்கே.

அதே டிசம்பர் 24ம் தேதி ஹூஸ்டன் முதல்முறையாகக் கோல்ட்ஸை வென்றது, 27-24. மேனிங்குக்காக எடுத்த ஆள் சாய்த்ததால் வந்த வெற்றி என்று சொல்ல ஆசை தான். ஆனால் அன்று நாயகர்கள், 153 கெஜம் ஓடிய ரான் டேனும் கடைசியில் பந்தை உதைத்த கிரிஸ் பிரௌனும்.

2007ல் பாதம் ஆறியது. எண் பேச ஆரம்பித்தது. 14 ஸாக். அதில் மூன்றரை, டிசம்பர் 13ம் தேதி வியாழக்கிழமை இரவு நாடே பார்க்க டென்வருக்கு எதிராக வந்தது. 2008ல் 12, 2009ல் 9, 2010ல் 8.5. யங்குக்கு டென்னஸியில் 2010க்கு மேல் இடமில்லை, 2011 தான் அவருடைய கடைசிப் பருவம். புஷ் செயின்ட்ஸோடு சூப்பர் பௌல் ஜெயித்தார், நல்ல ஆட்டக்காரர். ஆனால் ஒரு பருவத்தில் ஆயிரம் கெஜத்துக்கு மேல் ஓடியது மொத்தம் இரண்டே முறை, அதுவும் வேறு அணிகளில். கொஞ்சம் கொஞ்சமாக ஊர் பேச்சை மாற்றிக்கொண்டது. 'அன்றே சொன்னேன்' என்பவர்கள் எங்கிருந்தோ முளைத்தார்கள்.

அப்படியென்றால் நிர்வாகம் சரி, ரசிகர்கள் தப்பு என்று கதையை முடித்துவிடலாமா? எனக்கு மனசு வரவில்லை. காரணம் எல்விஸ் டூமர்வில்.

லூயிவில் பல்கலைக்கழகத்தில் 2005ல் இவர் எடுத்த ஸாக் 20, வில்லியம்ஸை விட ஐந்தரை அதிகம். குறை ஒன்றே ஒன்று. உயரம் ஆறடி கூட இல்லை. அந்தக் குறைக்காக அணிகள் மாறி மாறி அவரைத் தாண்டிப் போயின. இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, நான்காவது சுற்றில் 126வது ஆளாக டென்வர் எடுத்தது. 2009ல் 17 ஸாக் எடுத்து லீக்கிலேயே முதலிடம். (2013ல் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்து அவர் கையெழுத்திட்ட காகிதம் சில நிமிடம் தாமதமாக ஃபேக்ஸில் போய்ச் சேர, டென்வர் அவரை விடுவிக்க நேர்ந்தது. அவர் பால்டிமோருக்குப் போனார். ஒரு ஃபேக்ஸ் மெஷின் செய்த வேலை!) ஓய்வு பெறும்போது அவர் கணக்கு 105.5. வில்லியம்ஸின் கணக்கு 97.5.

முதல் தேர்வை விட 126வது தேர்வு எட்டு ஸாக் அதிகம் எடுத்திருக்கிறது. வில்லியம்ஸை எதிர்த்த ரசிகர்களும் டூமர்வில்லைக் கேட்கவில்லை, வில்லியம்ஸை எடுத்த நிபுணர்களும் கேட்கவில்லை. உயரத்தைப் பார்த்தவர்கள், ஓட்டத்தைப் பார்த்தவர்கள், ஊர்ப்பாசத்தைப் பார்த்தவர்கள் என்று எல்லோரும் சேர்ந்து தவறவிட்டது, அவருடைய நீளமான கைகளையும் தாழ்ந்து புகும் வேகத்தையும். குள்ளமாக இருப்பதே அங்கே வசதி. எதிரே நிற்கும் ராட்சசனுக்குக் குனிந்து பிடிக்கத் தெரியாது. அதே சனிக்கிழமை இரண்டாம் சுற்றில் ஹூஸ்டன் டெமீகோ ரையன்ஸை எடுத்தது. முதல் சுற்றுச் சண்டையின் சத்தத்தில் அவர் பெயர் எடுபடவில்லை. தடுப்புப் பிரிவில் அந்த வருடத்தின் சிறந்த புதியவர் அவர் தான். 2023ல் அதே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகவும் வந்தார்.

2011க்கு வருவோம். ஹூஸ்டனுக்கு அந்த வருடம் 11வது தேர்வு. விஸ்கான்ஸினிலிருந்து ஜே.ஜே. வாட் என்ற தடுப்பாட்டக்காரரை எடுத்தது. டிராஃப்டைப் பார்க்கக் கூடியிருந்த ஹூஸ்டன் ரசிகர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஊளை தான். ஐந்து வருடத்தில் எல்லாம் மறந்துபோச்சு.

அந்த அக்டோபரில், ஐந்து ஆட்டத்தில் ஐந்து ஸாக் எடுத்திருந்த வில்லியம்ஸின் மார்புத் தசை கிழிந்தது. ஓக்லண்டுக்கு எதிரான ஆட்டம் அது. பருவம் முடிந்தது. அவர் ஓரமாக உட்கார்ந்திருக்க, ஹூஸ்டன் வரலாற்றில் முதல்முறையாகப் பிளேஆஃப் போனது. 2012 ஜனவரி 7ம் தேதி சின்சினாட்டியோடு ஆட்டம். வாட் எதிரி எறிந்த பந்தைத் தானே கையில் பிடித்து ஓடி எல்லையைத் தாண்டியபோது மைதானம் அதிர்ந்தது. வில்லியம்ஸ் அதற்கு அப்புறம் ஹூஸ்டன் சட்டை போடவே இல்லை. அந்த வசந்தத்தில் பஃபலோ பில்ஸ் கிட்டத்தட்ட 100 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தோடு அவரை அழைத்துக்கொண்டது. அங்கே முதல் மூன்று வருடம் 10.5, 13, 14.5.

அந்தப் பதினாலரை வந்தது 2014ல். அதே வருடம் ஹூஸ்டனில் வாட் எடுத்தது 20.5. பருவ முடிவில் அசோசியேட்டட் பிரஸ் வெளியிட்ட சிறந்த அணிப் பட்டியலில் டிஃபென்சிவ் எண்ட் இடம் இரண்டு. ஒன்றில் ஜே.ஜே. வாட் பெயர், இன்னொன்றில் மரியோ வில்லியம்ஸ் பெயர்.