சென்னையில் மலேரியா

சென்னையில் மலேரியா என்பது, சென்னை மாநகரின் கட்டடங்களில் சேமிக்கப்படும் தூய நீரில் பெருகும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் கொசுவினால் பரவும் நகர்ப்புற மலேரியா நோயைக் குறிக்கும். காடு, மலையடிவாரம், வயல்வெளி ஆகியவற்றைச் சார்ந்த நோயாகவே மலேரியா பொதுவாக அறியப்படுகிறது. எனினும் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற நெருக்கமான குடியிருப்புப் பகுதிகள் உட்பட இந்நகரில் அது பல பத்தாண்டுகள் நிலைத்திருந்தது. தமிழ்நாட்டில் பதிவான மலேரியா நோயாளிகளுள் பாதிக்கும் மேற்பட்டோர் நெடுங்காலம் சென்னையைச் சேர்ந்தவர்களாகவே இருந்தனர். இங்கு காணப்படும் தொற்றுகளுள் மிகப் பெரும்பாலானவை பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் எனும் ஒட்டுண்ணியால் ஏற்படுபவை. ஆப்பிரிக்காவில் பெரும் உயிரிழப்பை உண்டாக்கும் பிளாஸ்மோடியம் பால்சிபாரம் சென்னையில் குறைவு.

கொசுவும் நீரும்

கூவத்தையும் பக்கிங்காம் கால்வாயையும் மலேரியாவுக்குக் காரணமாகக் கூறுவது நகரில் பரவலாக உள்ள ஒரு தவறான கருத்தாகும். சாக்கடை நீரில் பெருகுவது கியூலெக்ஸ் வகைக் கொசு. அது யானைக்கால் நோயைப் பரப்பக்கூடியது, மலேரியாவைப் பரப்புவதில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிசு கொசு பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, தேங்காய் ஓடு போன்றவற்றில் தேங்கும் சிறிதளவு நீரிலும் முட்டையிடும். அனோபிலிஸ் ஸ்டீபன்சி நாடுவது மனிதர் தம் பயன்பாட்டுக்காகச் சேமித்து வைக்கும் நல்ல நீரையே. மேல்நிலை நீர்த்தொட்டி, கிணறு, தரைக்கீழ்த் தொட்டி (சம்ப்), கட்டுமானப் பணியிடங்களில் சிமெண்டுப் பூச்சை நனைப்பதற்காகத் தேக்கப்படும் நீர் ஆகியன இதன் முதன்மை வளரிடங்கள்.

இதற்கு நகரின் நீர் வழங்கல் முறையும் ஒரு காரணமாகும். குழாயில் நாள் முழுவதும் நீர் வராத ஊரில் ஒவ்வொரு வீடும் தனக்கென நீரைச் சேமித்தாக வேண்டும். 2003, 2004ஆம் ஆண்டுகளிலும் பின்னர் 2019இலும் கடும் தட்டுப்பாடு நிலவியபோது, லாரி நீரைப் பிடித்து வைக்கும் பீப்பாய்களும் தொட்டிகளும் தெருவெங்கும் பெருகின. தியாகராய நகர் 1920களில் ஓர் ஏரியைத் தூர்த்து உருவாக்கப்பட்ட பகுதியாகும். அந்த ஏரி மறைந்த இடத்தில் இன்று ஒவ்வொரு மாடியிலும் ஒரு சிறு குளம் இருக்கின்றது எனலாம்.

சென்னையின் வெப்பநிலையில் முட்டை முழுக் கொசுவாக வளர ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்கள் போதும். வாரம் ஒருமுறை நீர்க்கலன்களைக் காலி செய்து தேய்த்துக் கழுவ வேண்டும் என்னும் அறிவுரையின் அடிப்படை இதுவே. அனோபிலிஸ் குடம்பிகளுக்கு (இளம்புழுக்கள்) மூச்சுக்குழல் நீட்டம் இல்லாததால் அவை நீர்ப்பரப்பை ஒட்டிக் கிடைநிலையில் மிதக்கும். கியூலெக்ஸ் குடம்பிகள் தலைகீழாகத் தொங்கும். மூடியைத் திறந்து பார்ப்பவர் இவ்வேறுபாட்டை வெறுங்கண்ணாலேயே அறியலாம்.

வரலாறு

கொசுவின் உடலில் மலேரியா ஒட்டுண்ணி வளர்வதை 1897 ஆகத்து 20 அன்று செகந்திராபாத்தில் கண்டறிந்த ரொனால்டு ராசு, 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்தில் பணியாற்றியவர் ஆவார். நோய்க்கான மருந்தைப் பொறுத்தவரையிலும் தமிழகத்திற்கு இவ்வரலாற்றில் இடமுண்டு. கொயினா தயாரிப்பதற்கான சிங்கோனா மரங்கள் 1860கள் முதல் நீலகிரியில் பயிரிடப்பட்டன.

1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் கொசு ஒழிப்புக்கெனத் தனிப் பிரிவுகளைக் கொண்டிருந்தது. விடுதலைக்குப் பின் 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டமும் 1958இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கப்பட்டன. வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளித்ததன் பயனாக, 1965இல் நாட்டில் பதிவான நோயாளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு இலட்சமாகக் குறைந்தது. ஆனால் பெருநகரங்கள் இத்தெளிப்பில் பெரும்பாலும் சேர்க்கப்படவில்லை. அங்கு குடம்பி ஒழிப்பு உள்ளாட்சிகளின் பொறுப்பாக விடப்பட்டது. 1976இல் நாட்டின் எண்ணிக்கை 64 இலட்சமாக உயர்ந்தது. இதனிடையே, நகரங்களே நோயின் தேக்கிடமாகின்றன என்பது உணரப்பட்டு 1971இல் நகர்ப்புற மலேரியா திட்டம் உருவாக்கப்பட்டது. சென்னையும் இத்திட்டத்தின் கீழ் வந்தது.

மருத்துவம்

குளிர், நடுக்கத்துடன் விட்டுவிட்டு வரும் காய்ச்சல் இதன் முதன்மை அறிகுறியாகும். விரல் நுனியில் எடுக்கும் இரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் ஆய்ந்தோ விரைவுச் சோதனைப் பட்டையாலோ நோய் உறுதி செய்யப்படுகிறது. மாநகராட்சியின் சுகாதார நிலையங்களில் இச்சோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது.

வைவாக்ஸ் மலேரியாவுக்கு மூன்று நாட்கள் குளோரோகுயினும், பதினான்கு நாட்கள் பிரைமாகுயினும் வழங்கப்படுகின்றன. முதல் மருந்து இரத்தத்திலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொல்லும். கல்லீரலில் உறங்கு நிலையில் இருக்கும் ஒட்டுண்ணிகளை இரண்டாவது மருந்தே அழிக்கும். மூன்றாம் நாளே காய்ச்சல் தணிந்துவிடுவதால் பலர் பிரைமாகுயினை இடையில் நிறுத்திவிடுகின்றனர். அவ்வாறு நிறுத்தியவருக்குச் சில வாரங்களோ மாதங்களோ கழித்து, புதிதாகக் கொசு கடிக்காமலே நோய் மீளக்கூடும். அப்போது அவர் மீண்டும் கொசுவுக்கு ஒட்டுண்ணியை வழங்குபவராகிறார். கருவுற்ற பெண்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பிரைமாகுயின் தரப்படுவதில்லை. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். எனவே மருத்துவர் அறிவுரையின்றி இம்மருந்தை உட்கொள்ளுதல் கூடாது.

பால்சிபாரம் தொற்றுக்கு ஆர்ட்டிமிசினின் சார்ந்த கூட்டு மருந்து அளிக்கப்படுகிறது. ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்காக உலக சுகாதார அமைப்பு 2021இலும் 2023இலும் பரிந்துரைத்த இரு தடுப்பூசிகளும் பால்சிபாரத்தை எதிர்ப்பவை. சென்னையின் வைவாக்ஸ் மலேரியாவுக்கு அவை பயன்படா.

தடுப்பு

மாலையில் தெருவில் அடிக்கப்படும் கொசுப்புகையே தடுப்பு நடவடிக்கை என்று பலரும் கருதுகின்றனர். புகை அப்போது பறந்து கொண்டிருக்கும் கொசுக்களை மட்டுமே கொல்லும். மாடியிலுள்ள தொட்டியை அது எட்டுவதில்லை. சென்னையில் பயன் தரும் பணி குடம்பி ஒழிப்பே ஆகும். பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று தொட்டிகளிலும் கிணறுகளிலும் டெமிபாசு என்னும் மருந்தை அளவாக இடுவர். கிணறுகளில் குடம்பிகளை உண்ணும் கம்பூசியா, கப்பி மீன்கள் விடப்படுகின்றன. கம்பூசியா ஓர் அயல் இனம் ஆதலால் அதை ஏரி, ஆறுகளில் விடுவது உள்நாட்டு மீன்களுக்குக் கேடு விளைவிக்கும்.

பூட்டிய மாடிக் கதவு இப்பணியில் பெருந்தடையாகும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மேல்தொட்டிக்கு ஏற ஏணி இல்லாமையும், சாவி யாரிடம் உள்ளது என்பது தெரியாமையும் வழக்கமானவை. தொட்டியின் மூடி இடைவெளியின்றி மூடப்படவும், வழிந்தோடும் குழாயின் வாய் கொசுவலையால் கட்டப்படவும் வேண்டும். பின்னது பெரும்பாலான வீடுகளில் மறக்கப்படுகிறது.

ஆய்வுகள்

தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனத்தின் சென்னைக் களப்பிரிவு இந்நகரின் நோய்ப் பரவலை ஆய்ந்துள்ளது. 2010இல் தொடங்கிய ஒரு பன்னாட்டு மலேரியா ஆய்வுத் திட்டத்தின் கீழ், அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரிலுள்ள மலேரியா மருத்துவமனை ஆய்வுக்களமாக அமைந்தது. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, மேல்நிலைத் தொட்டியே இக்கொசுவின் முக்கிய வளரிடம் என்பதை உறுதி செய்தது. அடுத்த ஆண்டு வெளியான மற்றொன்று, இக்கொசுக்கள் மாட்டுக் கொட்டில்களில் பெருமளவில் தங்கி மாடுகளின் குருதியை மிகுதியாகக் குடிப்பதைக் காட்டியது. மனிதரைக் குறைவாகவே கடிக்கும் ஒரு கொசு எவ்வாறு ஒரு நகரில் நோயை நிலைநிறுத்துகிறது என்னும் வினா இதனால் எழுகிறது. கல்லீரலில் உறங்கி மீளும் வைவாக்சின் இயல்பும், நோயாளி மருந்து உட்கொள்ளும் முன்பே அவரது இரத்தத்தில் கொசுவுக்குத் தொற்றக்கூடிய வடிவங்கள் தோன்றிவிடுவதும் இதற்கு ஓரளவு விடையளிக்கின்றன.

அண்மைய ஆண்டுகளில் தமிழ்நாடு முழுவதிலும் பதிவாகும் ஆண்டு எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே குறைந்துள்ளது.

ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும்

ஆப்பிரிக்காவின் மலேரியா பெரிதும் ஊர்ப்புற நோயாகும். அங்கு அதைப் பரப்பும் அனோபிலிஸ் காம்பியே மழைநீர்க் குட்டைகளில் பெருகும். நள்ளிரவில், வீட்டினுள் கடிக்கும் அதற்கு எதிராக மருந்திட்ட கொசுவலைகள் பெரும்பயன் அளித்தன. இந்நிலையில் 2012இல் சிபூட்டியில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கண்டறியப்பட்டது. அவ்வாண்டு 27 நோயாளிகளே பதிவான அந்நாட்டில் 2020இல் அவ்வெண்ணிக்கை சுமார் 73,000 ஆயிற்று. பின்னர் எத்தியோப்பியா, சூடான், சோமாலியா, நைசீரியா, கென்யா, கானா ஆகிய நாடுகளிலும் இக்கொசு காணப்பட்டது. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் மலேரியாவை ஆய்ந்த சான் ஸ்டீபன்சு என்பவரின் பெயரே 1901இல் இக்கொசுவுக்கு இடப்பட்டது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. மாலையிலேயே கடிக்கத் தொடங்கும் இக்கொசுவுக்குக் கொசுவலை மட்டும் போதுவதில்லை. எனவே தொட்டிகளை மூடுதல், குடம்பி மருந்திடல் முதலிய இந்திய நகரங்களின் முறைகள் அங்கும் கைக்கொள்ளப்படுகின்றன.

இலங்கையில் உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல் பதிவானார். 2016 செப்டம்பரில் அந்நாடு மலேரியா அற்றதாக உலக சுகாதார அமைப்பால் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில், தமிழகக் கரைக்கு எதிரேயுள்ள மன்னாரில், வீட்டுக் கிணறுகளில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி முதன்முறையாகக் கண்டறியப்பட்டது.